மாத்திரை டப்பா முதலுதவிப் பெட்டி ஆகுமா?

அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு டப்பா இருக்கும். ஒரு காலத்தில் பிஸ்கட் வந்த தகர டப்பாவாக இருக்கலாம், தீபாவளிக்கு ஸ்வீட் வந்த பிளாஸ்டிக் டப்பாவாக இருக்கலாம். பிரிட்ஜ் மேலேயோ, பீரோவுக்குள்ளேயோ, டிவி ஸ்டாண்டுக்குக் கீழேயோ அதற்கு நிரந்தரமான இடம் உண்டு. திறந்து பார்த்தால் பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள் இருக்கும், பெயரும் தேதியும் அச்சிட்ட பக்கம் மட்டும் சரியாகக் கிழிந்து போயிருக்கும். போன வருடம் காய்ச்சலுக்கு வாங்கி மூன்று நாளோடு நிறுத்திய ஆன்டிபயாடிக். மூடி ஒட்டிக்கொண்ட இருமல் மருந்து. தாத்தாவின் பிரஷர் மாத்திரை (தாத்தா காலமாகி இரண்டு வருடம் ஆகியிருக்கும்). ஒரு தைல பாட்டில், பசை காய்ந்துபோன பிளாஸ்திரி இரண்டு, நாலைந்து ஊக்கு, ஒரு பழைய வாட்ச் பேட்டரி.

"உங்க வீட்ல முதலுதவிப் பெட்டி இருக்கா?" என்று கேட்டால் இந்த டப்பாவைத்தான் காட்டுவார்கள்.

ஆனால் இது முதலுதவிப் பெட்டி அல்ல. சொல்லப்போனால், இப்படி ஒரு டப்பா இருப்பதைவிட எதுவும் இல்லாமல் இருப்பது நல்லது. ஒன்றும் இல்லாத வீட்டுக்காரர் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். டப்பா இருக்கிற வீட்டுக்காரர் அதிலிருந்து எதையாவது எடுத்துக் கொடுத்துவிட்டுக் காலை வரை பார்க்கலாம் என்று காத்திருப்பார்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

மாத்திரை நோய்க்கு உரியது. முதலுதவி விபத்துக்கு உரியது. அடிபட்ட நிமிடத்திலிருந்து டாக்டர் கைக்குப் போய்ச் சேரும் வரை உயிரைக் காப்பதும், காயம் பெரிதாகாமல் பார்த்துக்கொள்வதும்தான் முதலுதவி. குணப்படுத்துவது அதன் வேலையே அல்ல.

பெட்டியின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. அமெரிக்காவில் ரயில் பாதை போடும் தொழிலாளர்கள் ஊருக்கு வெகுதூரத்தில் வேலை செய்தார்கள். கை கால் நசுங்கினால் பக்கத்தில் டாக்டர் கிடையாது. அவர்களுக்காக 1888-ல் ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் முதலுதவிப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. காயத்தைச் சுத்தமாக மூடிக் கட்டும் துணிகள்தான் அதன் முக்கியமான சரக்கு.

இந்தியாவிலும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 150 தொழிலாளர்களுக்கு ஒரு பெட்டியாவது இருக்க வேண்டும் என்றது. பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் 'முதலுதவிப் பெட்டி' என்று எழுதிய பெட்டியைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். (அதற்குள் துடைக்கிற துணிதான் இருக்கும் என்பது பழைய ஜோக்!) தொழிற்சாலைக்கும் பஸ்ஸுக்கும் பெட்டி வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அடுப்பு, கத்தி, மின்சாரம், ஆசிட், வழுக்குகிற பாத்ரூம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற வீட்டைப் பற்றி மட்டும் யாரும் யோசிக்கவில்லை. வீட்டைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வரப் போவதில்லை. வீட்டில் இருக்கிறவர்களேதான் யோசித்தாக வேண்டும்.

"108 இருக்கே!"

பெட்டி வேண்டாம் என்பவர்கள் சொல்லும் முதல் காரணம் இது. நியாயமான காரணம்தான். தமிழ்நாட்டில் 2008-ல் வந்த 108 ஆம்புலன்ஸ் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. நகரத்தில் தெருவுக்குத் தெரு மெடிக்கல் ஷாப்பும் உண்டு.

ஆனால் ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் வருவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். தொண்டையில் எதையாவது அடைத்துக்கொண்ட குழந்தைக்கும், குழாய் திறந்ததுபோல ரத்தம் போகிறவருக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் எல்லாமே. 108 வரும்போது காப்பாற்ற ஒரு உயிர் மிச்சமிருக்க வேண்டுமே, அதற்குத்தான் முதலுதவி. இரண்டும் போட்டி அல்ல. ஒன்றின் தொடர்ச்சி மற்றொன்று.

இரண்டாவது, எல்லா நாளும் ஆம்புலன்ஸ் வரக்கூடிய நாள் அல்ல. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் மறுபடியும் மூழ்கியது. அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த நாட்களில் இடுப்பளவு தண்ணீரில் மெடிக்கல் ஷாப்பே மிதந்தது. சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் இல்லை, பிரஷர்காரருக்கு மாத்திரை இல்லை, மொபைலில் சார்ஜ் இல்லை. ஒருவர் தினமும் சாப்பிட வேண்டிய மருந்தில் ஒரு வாரத்துக்கானது தனியாக, தண்ணீர் புகாத கவரில் இருந்திருந்தால் அந்த வீட்டில் பாதி பயம் குறைந்திருக்கும்.

வீட்டுக்கு வீடு பெட்டி மாறும்

கடையில் விற்கிற ரெடிமேட் பெட்டியை வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. அந்தப் பெட்டி எந்த வீட்டையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டது அல்ல. ஒரு வீட்டில் என்னென்ன நடக்கக்கூடும் என்று அந்த வீட்டார் ஒரு நாள் உட்கார்ந்து யோசித்தால், என்ன வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். அப்படி யோசிக்கும்போது இன்னொன்றும் தெரியவரும். பல விபத்துகளில் 'என்ன போட வேண்டும்' என்பதைவிட 'என்ன போடக் கூடாது' என்பதுதான் முக்கியம்.

தீக்காயம்: குக்கர், கொதிக்கிற எண்ணெய், ரசம், வெந்நீர்... இது இல்லாத வீடே இல்லை. பட்டவுடனே டூத்பேஸ்ட், பேனா மை, தோசை மாவு, மஞ்சள், வெண்ணெய் என்று ஆளாளுக்கு ஒன்றை அப்புவார்கள். இவற்றில் எதுவும் சூட்டை வெளியே எடுக்காது. ஆஸ்பத்திரியில் டாக்டர் காயத்தைப் பார்ப்பதற்கே இதையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டும், அந்த வலியை அனுபவிப்பது காயம்பட்டவர்தான். தேவையான மருந்து குழாய்த் தண்ணீர். ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் கூடாது. வீங்குவதற்கு முன் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

வெட்டுக்காயம்: அரிவாள்மனையும் தேங்காய்த் துருவியும் இருக்கிற வீடுகள் இன்னும் உண்டு. ரத்தம் கொட்டினால் காபித்தூளை வைத்து அமுக்குவது வழக்கம். ரத்தத்தை நிறுத்துவது காபித்தூள் அல்ல, அமுக்குவதுதான்! தூள் காயத்துக்குள் அழுக்கைச் சேர்ப்பதோடு சரி. சுத்தமான துணியை மடித்து வைத்து, பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்த வேண்டும்.

கண்ணில் சுண்ணாம்பு: வெற்றிலை போடுகிற பாட்டி இருக்கிற வீட்டில், சுண்ணாம்பு பாக்கெட்டைக் குழந்தை கையில் எடுத்துப் பிதுக்கி விளையாடும். பாக்கெட் வெடித்துக் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். உடனே இமையைத் திறந்து பிடித்து, குறைந்தது 15 நிமிடம் தண்ணீரை ஊற்றிக் கழுவ வேண்டும். ஆட்டோ பிடிக்க ஓடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இதுதான். கழுவுவதற்கு முன் ஆஸ்பத்திரிக்கு ஓடினால், போகிற வழி முழுக்கச் சுண்ணாம்பு கண்ணை அரித்துக்கொண்டே இருக்கும்.

விஷத்தைக் குடித்துவிட்டால்: மண்ணெண்ணெய், பாத்ரூம் ஆசிட் இரண்டையும் குடித்த குழந்தைக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பார்கள். கூடவே கூடாது. ஆசிட் மேலே வரும்போது தொண்டையை இரண்டாவது முறை பொசுக்கும். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். குடித்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் சரி. இதில் முதலுதவி என்பது முன்கூட்டியே செய்ய வேண்டியது: கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஆசிட்டோ மண்ணெண்ணெயோ ஊற்றி வைக்காமல் இருப்பது. மாத்திரை டப்பாவில் கிடந்த அந்தப் பழைய வாட்ச் பேட்டரியும் ஆபத்துதான். குழந்தை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் சில மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும். 'தானா வெளியே வந்துரும்' என்று காத்திருக்கக் கூடாது.

வயிற்றுப்போக்கு: இதை யாரும் அவசரம் என்று நினைப்பதில்லை. ஆனால் சின்னக் குழந்தையை ஒரே நாளில் உருக்கிவிடக்கூடியது இது. 1971-ல் வங்காளதேச அகதிகள் லட்சக்கணக்கில் மேற்கு வங்கத்துக்கு வந்தபோது, போங்காவ் முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு சலைன் தீர்ந்துபோனது. திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்கள் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இந்தியா அவருக்கு 2023-ல் பத்ம விபூஷண் கொடுத்தது, அவர் 2022-ல் இறந்த பிறகு. இன்று அதே சங்கதி சில ரூபாய்க்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலமாகக் கிடைக்கிறது. அந்தப் பொட்டலம் இல்லாத வீட்டில் நூறு மாத்திரை இருந்து என்ன பயன்?

இதிலும் ஏமாறாமல் இருக்க வேண்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆக மொத்தம் 20.5 கிராம். ஜூஸ் டப்பா மாதிரி பேக்கில் சர்க்கரைத் தண்ணீரை அடைத்து 'ஓ.ஆர்.எஸ்.' என்று பெயர் போட்டு விற்றதும் நடந்தது. அந்த எழுத்துக்களைப் பானங்களின் பெயரில் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. எனவே வாங்கும்போது அளவைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். பொட்டலமே இல்லையென்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் போதும். கலக்கிய தண்ணீரை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

நாய்க்கடி: பெட்டியில் ஒரு சோப்புக் கட்டி இருக்க வேண்டும் என்றால் சிரிப்பார்கள். நாய் கடித்த இடத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது, வெறிநோய்க் கிருமியைக் குறைப்பதில் முதல் படி. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எல்லாம் வேண்டாம். கழுவியவுடனே தடுப்பூசிக்குப் போக வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் போடுகிறார்கள். ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு காப்பாற்ற மருந்து இல்லை என்பதால், 'நம்ம தெரு நாய்தானே' என்ற வாதம் இங்கே செல்லாது.

பாம்புக்கடி: இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் பாம்பு கடித்து இறந்ததாக ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன. அதாவது வருடத்துக்கு ஏறக்குறைய 58,000 பேர். சினிமாவில் பார்த்த மாதிரி இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் தவறு. இறுக்கிக் கட்டிய காலையே பிறகு எடுக்க வேண்டிவரலாம். கொலுசு, மெட்டியைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாமல் போகலாம் என்பதால், தரையில் படுத்தவர் விடிகாலையில் 'கண் இமை தூக்க முடியல' என்றால்கூட சந்தேகப்பட வேண்டும். அந்த விஷமுறிவு மருந்து தயாரிக்க வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி, சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் நாடு முழுக்கப் போகிறது. கிராமத்து வீட்டின் பெட்டிக்கு இதில் தேவை மூன்றே பொருள்: ஒரு டார்ச், அசையாமல் கட்டத் துணி, எந்த ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது என்று எழுதிய ஒரு சீட்டு.

வலிப்பும் நெஞ்சுவலியும்: வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது இன்றும் நடக்கிறது. வலிப்பு அநேகமாக ஓரிரு நிமிடத்தில் தானாகவே நிற்கும். பெருமை மட்டும் சாவிக்குப் போய்விடுகிறது! ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், மணியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. நெஞ்சுவலியை 'வாயு' என்று சோடா குடித்துச் சமாளிப்பதும் அப்படித்தான். வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவி வேர்த்துக் கொட்டினால் நடக்கவிடாமல் உட்காரவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைத்திருக்கிறார்கள். அருகில் இருக்கிற நிலையம் எது என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதும் முதலுதவிதான்.

பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும்?

மேலே சொன்னதைக் கூட்டிப் பார்த்தால் பட்டியல் மிகச் சின்னது.

1. தனித்தனிக் கவரில் இருக்கும் சுத்தமான காஸ் துணி - பத்து
2. சுருள் கட்டுத்துணி இரண்டு அகலத்தில், ஒரு கிரேப் பேண்டேஜ்
3. முக்கோண வடிவில் வெட்டிய ஒரு பெரிய பருத்தித் துணி (பழைய வேட்டியைத் துவைத்து வெட்டினாலே போதும், கை முறிந்தால் தூளி கட்ட)
4. பிளாஸ்திரி, ஒட்டும் டேப், மொட்டை முனைக் கத்தரிக்கோல், முள் எடுக்கும் இடுக்கி
5. ரப்பர் கையுறை இரண்டு ஜோடி, சோப்பு
6. போவிடோன் அயோடின் சின்ன டியூப்
7. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஐந்து
8. பாராசிட்டமால் (குழந்தை இருந்தால் அதன் எடைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு, பாட்டில் மேலேயே எழுதி ஒட்டி)
9. தெர்மாமீட்டர், டார்ச், பேட்டரி தனியாக
10. தினசரி மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வாரத்துக்கான மருந்து, தண்ணீர் புகாத கவரில்
11. ஒரு அட்டை

இவ்வளவையும் வாங்க, ஒரு குடும்பம் தியேட்டருக்குப் போய் வருகிற செலவுகூட ஆகாது. 'வசதி உள்ளவங்களுக்குத்தான் இதெல்லாம்' என்ற பேச்சு இதனாலேயே அடிபட்டுப் போகிறது.

எதெல்லாம் இருக்கக் கூடாது?

மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக் கூடாது. அடுத்தவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை கூடாது. தேதி தெரியாத எதுவுமே கூடாது. குழந்தைக்குப் பெரியவர்கள் மாத்திரையை உடைத்துப் பாதி கொடுக்கக் கூடாது. நிமசுலைடு மருந்தை 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கொடுக்க இந்தியாவில் 2011-லேயே தடை வந்தது, ஆனால் பெரியவர்களுக்கு வாங்கிய அட்டை டப்பாவில் கிடந்தால் குழந்தையின் காய்ச்சலுக்கும் அதை எடுத்துக் கொடுக்கிற ஆபத்து இருக்கிறது.

இருமல் மருந்து பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு இருமல் மருந்தில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. அதைக் குடித்த மத்தியப் பிரதேசக் குழந்தைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சாதாரண சளிக்குத் தானாகவே சரியாகிற இருமல் அது. இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு இருமல் மருந்தே வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறையும் அப்போது அறிவுறுத்தியது. பாட்டிலில் மிச்சம் இருக்கிறதே என்று கொடுக்கிற பழக்கத்தை விட இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

பாட்டி வைத்தியம் வேண்டாமா?

இப்படிச் சொன்னால் 'பெரியவங்க சொன்னதெல்லாம் தப்பா?' என்று சண்டைக்கு வருவார்கள். எல்லாம் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. வயிற்றுப்போக்குக்கு உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் கொடுத்த பாட்டி, டாக்டர்கள் சொல்வதற்கு முன்பே சரியானதைத்தான் செய்துகொண்டிருந்தார். அரிசிக் கஞ்சியும் உப்பும் இன்றைய மருத்துவமும் ஏற்றுக்கொண்ட வைத்தியம்தான். சளிக்கு ஆவி பிடிப்பதும் தைலம் தேய்ப்பதும் இதமாக இருக்கும், மூடிய போர்வைக்குள் குழந்தையின் மேல் வெந்நீர் கொட்டாத வரையில்!

பாட்டி சொன்னாரா, பாடப்புத்தகம் சொன்னதா என்பதல்ல கேள்வி. திறந்த காயத்துக்குள்ளும், கண்ணுக்குள்ளும், மயங்கிக் கிடப்பவரின் வாய்க்குள்ளும் எதையும் போடாமல் இருந்தால் போதும். பாட்டி வைத்தியத்தில் ஆபத்தானவை பெரும்பாலும் இந்த மூன்றில்தான் அடங்கும்.

அந்த அட்டை எதற்கு?

பட்டியலில் கடைசியாகச் சொன்ன அட்டைதான் பெட்டியிலேயே முக்கியமான பொருள். காசு கொடுத்து வாங்க முடியாத பொருளும் அதுதான்.

ஒரு காட்சியை நினைத்துப் பார்க்கலாம். மாலை ஏழு மணி. வீட்டில் பத்து வயதுப் பெண்ணும் ஆறு வயதுத் தம்பியும் ஹாலில் இருக்கிறார்கள். அப்பா இன்னும் வரவில்லை. சமையலறையில் அம்மாவின் கையில் எண்ணெய் கொட்டிவிடுகிறது. அந்த வீட்டில் பிளாஸ்திரி எங்கே இருக்கிறது, எந்த மாத்திரை எதற்கு, டாக்டர் நம்பர் என்ன, பாட்டிக்கு என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அம்மாவுக்கு. அந்த அம்மாதான் இப்போது கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

பெரும்பாலான வீடுகளின் நிலைமை இதுதான். "அம்மாவைக் கேளு" என்பதுதான் அந்த வீடுகளின் முதலுதவித் திட்டம். அடுப்புக்கும் கத்திக்கும் மிக அருகில், மிக அதிக நேரம் இருக்கிறவர் அவர். அடிபட வாய்ப்பு அதிகம் உள்ளவரின் தலைக்குள் மட்டுமே எல்லா விவரத்தையும் வைத்துப் பூட்டியிருப்பது எந்தக் கணக்கில் சரி?

அதனால்தான் அட்டை. அதில் 108, பக்கத்து வீட்டு நம்பர், குடும்ப டாக்டர் நம்பர், 24 மணி நேர ஆஸ்பத்திரியின் பெயர் இருக்க வேண்டும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் இருக்கிற நோய், தினமும் சாப்பிடுகிற மருந்து, ஒவ்வாமை இருக்க வேண்டும். வீட்டு முகவரியும் முழுதாக இருக்க வேண்டும் (பதற்றத்தில் சொந்த வீட்டு முகவரியே வாயில் வராது). பின்பக்கத்தில் நாலே வரி: தீக்காயம் - தண்ணீர் 20 நிமிடம். ரத்தம் - 10 நிமிடம் அழுத்து. நாய்க்கடி - சோப்பு 15 நிமிடம். பாம்பு - அசைக்காதே, கட்டாதே. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கும் புரிகிற மாதிரி பெரிய எழுத்தில்.

பெட்டியை வைக்கிற இடத்திலும் இதே கணக்குதான். பூட்டக் கூடாது. அவசரத்தில் சாவி கிடைக்காது. பாத்ரூமிலும் அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம், ஈரமும் சூடும் மருந்தைக் கெடுக்கும். மாத்திரைகளை மட்டும் சின்னக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தனியாக வைத்துவிட்டு, கட்டுத்துணியும் அட்டையும் பத்து வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும்.

வருடத்துக்கு இரண்டு முறை பெட்டியைத் திறந்து தேதி பார்க்க வேண்டும். தனியாக நாள் குறித்தால் மறந்துபோகும். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்வதும் ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் துடைத்து வைப்பதும் எப்படியும் நடக்கிறதே, அன்றைக்கே இதையும் துடைத்துவிடலாம். உயிரைக் காக்கிற கத்தரிக்கோலும் ஒரு ஆயுதம்தானே! கூடவே பத்து நிமிடம் ஒத்திகை. "அம்மா கையில எண்ணெய் கொட்டிருச்சு, இப்ப என்ன பண்ணுவ?" என்று பிள்ளைகளைக் கேட்டால் அவர்களுக்கு அது விளையாட்டு. பள்ளியில் ஜூனியர் ரெட் கிராஸில் இருக்கிற பிள்ளை இருந்தால் அவரே வாத்தியார். தண்ணீரைத் திறந்துவிட வேண்டும் என்று ஒரு முறை சொல்லிப் பழகிய பிள்ளை, நிஜத்தில் டூத்பேஸ்டைத் தேடி ஓடாது.

பிரிட்ஜ் மேல் இருக்கிற அந்தப் பழைய டப்பாவை இந்த ஞாயிற்றுக்கிழமை கீழே இறக்கிக் கொட்டிப் பார்க்கலாம். முக்கால்வாசி குப்பைக்குப் போகும். காலியான டப்பாவைக் கழுவிக் காயவைத்து, அதிலேயே புதிதாக ஆரம்பிக்கலாம். முதலில் வைக்க வேண்டியது மருந்து அல்ல, அந்த அட்டை. அதைச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டியவர், வீட்டிலேயே வயதில் சின்னவர்.